மருத்துவமனையிற் கண்ட மயிற்காட்சி: பாம்பன் குமரகுருதாச சுவாமிகள் சரித்திரம்

பாம்பன் என்னும் ஊர்ப்பெயர் மலைநாட்டுத் தமிழர்க்குப் புதியதன்று. 1914 ஆம் ஆண்டிலே பாம்பன் கடலின்மேல் இருப்புப்பாதைப் பாலம் திறக்கப்பட்டு, தனுக்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் போக்குவரவு அமைந்த பின்னர், மண்டபத்து முகாமிலே தங்கவைத்துச் சோதிக்கப்பெற்ற தோட்டத் தொழிலாளர் அப்பாலத்தைக் கடந்தே இலங்கை புகுந்தனர். கொட்டகலையிலும் அதனைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களிலும் இன்று வாழ்வோருட் பலருடைய பாட்டன்மாரும் பூட்டன்மாரும் தாய்நாட்டில் இறுதியாகக் கண்ட கரை அக்கரையேயாகும். 1964 ஆம் ஆண்டின் புயல் தனுக்கோடியை அழித்தது, அவ்வழியும் பழங்கதையாயிற்று. ஆயினும் அக்கரையிலே தோன்றிய ஓர் அடியவரின் பாடல் இன்றும் நம் மலைகளிலுள்ள முருகன் கோயில்களிலும் லயத்துக் காம்பராக்களிலும் ஒலித்துக்கொண்டிருக்கின்றது. சண்முக கவசத்தைக் கேளாத முருகனடியார் அரியர். அதனைப் பாடியருளிய பாம்பன் குமரகுருதாச சுவாமிகளின் சரித்திரத்துள், சுவாமிகள் முதுமைக்காலத்திற் கால் முறிந்து மருத்துவமனையிற் கிடந்த பகுதியையே யாம் இங்கு விரித்துரைக்க எண்ணினோம். ஏனையவற்றை அதற்கு வேண்டுமளவே தொட்டுச் செல்வோம்.

இப்பகுதியைத் தேர்ந்தமைக்குக் காரணமுண்டு. நம் ஆசிரியர்கள் வகுப்பிலே பிள்ளைகளின் வரவைக் குறிக்கும்பொழுது, ஒரு பிள்ளை பல நாளாக வாராதிருத்தலைக் காண்பர். விசாரித்தால், தாய் கொழுந்துக்கூடையுடன் மழைநாளிற் சரிவிலே வழுக்கி வீழ்ந்து டிக்கோயாவிலோ நுவரெலியாவிலோ வைத்தியசாலையிற் கிடக்கின்றாள் என்றும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளப் பிள்ளை வீட்டில் நின்றுவிட்டது என்றும் அறிய நேரும். அப்பிள்ளை மீண்டும் பள்ளிக்கு வந்து, அம்மாவின் கால் கூடுமா என்று வினவுமாயின், ஆசிரியர் யாது சொல்வார்? சொல்லத்தக்க சரித்திரம் ஒன்று நம் சமயத்திலேயே, நெடுந்தொலைவில்லாத காலத்திலேயே, உண்டு.

சுவாமிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் சாத்தப்ப பிள்ளை என்பவருக்கும் செங்கமல அம்மையாருக்கும் மைந்தராக அவதரித்தார். பிள்ளைத்திருநாமம் அப்பாவு என்பது. இளமையிலேயே கந்தபுராணத்தினும் அருணகிரிநாதர் திருப்புகழினும் உள்ளம் படிந்தது. அருணகிரிநாதரைத் தாம் நேரிற் கண்டிலராயினும் அவரையே ஞானகுருவாக வரித்துக்கொண்டார். பன்னிரண்டு பதின்மூன்று வயதளவில், ஒரு வெள்ளிக்கிழமைக் காலையிலே, தென்னந்தோப்பில் இருந்தபொழுது ஞாயிறு எழக் கண்டு, தாமும் முருகனைப் பாடவேண்டும் என்னும் வேட்கை மேலிட்டுப் பாடத் தொடங்கினார் என்பர். நாள்தோறும் உணவு கொள்ளுமுன் ஒரு பாடல் என்னும் நியமத்தால் அவ்வாறு பாடிய பாடல்கள் 100. இராமேசுவரத்துச் சேதுமாதவ ஐயர் என்னும் பெரியார் இவரது பரிபாகத்தை நோக்கி, அக்கினி தீர்த்தத்தில் நீராடச்செய்து ஆறெழுத்து மந்திரத்தை உபதேசித்தருளினார். 1878 இல் திருமணம் நிகழ்ந்தது, மக்களும் பிறந்தனர். இல்லறத்தில் இருந்துகொண்டே வடமொழியும் சித்தாந்த சாத்திரமும் கற்றுத் தெளிந்தார்.

சண்முக கவசம் 1891 ஆம் ஆண்டில் எழுந்தது. உயிரெழுத்துப் பன்னிரண்டும் மெய்யெழுத்துப் பதினெட்டும் முறையே முதலெழுத்தாக அமைய 30 பாடல்களாகப் பாடப்பெற்றது அது. தமிழ் எழுத்தறிந்த சிறுபிள்ளையும் அடுத்த பாடல் எவ்வெழுத்திலே தொடங்கும் என்பதைத் தானே கண்டுகொள்ளலாம். ஆசிரியத் தொழில் செய்வோர்க்கு இவ்வமைப்பின் அருமையை எடுத்துரைத்தல் வேண்டா. உறுப்புக்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி, இதனைக் காக்க, இதனைக் காக்க என வேலவனை வேண்டும் முறையில் அமைந்தது. பாலும் தயிரும் நெய்யும் சர்க்கரையும் தேனும் கொண்டு திருமுழுக்காட்ட வகையில்லாத எளியார், பாட்டாலேயே அவ்வைந்தும் ஆட்டுதற்குப் பரிபூரண பஞ்சாமிர்த வண்ணம் பாடப்பெற்றது. 1918 இல் வெப்புநோயால் வருந்திய காலத்திற் குமாரஸ்தவம் எழுந்தது. இவ்வாறு சுவாமிகள் பாடியருளியவை 6666 பாடல்கள். பிணியும் வறுமையும் உடையாரை எண்ணியே பலவற்றைப் பாடியிருத்தல் காண்க.

சுவாமிகளின் சரித்திரத்திலே, பின் நிகழ்ந்தவற்றிற்கெல்லாம் திறவுகோலாக யாம் கருதும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. துறவு பூணவேண்டும் என்னும் எண்ணத்தாற் பழனிக்குச் செல்லத் துணிந்தார் சுவாமிகள். நண்பராகிய அங்கமுத்துப் பிள்ளை என்பவர் தடுத்து, இது முருகன் கட்டளையோ என்று வினவினார். கட்டளை ஏதும் பிறந்ததில்லை. ஆயினும் தடையை விலக்கும் பொருட்டு ஆம் என்று விடை கூறிவிட்டார். அன்றே முருகப்பெருமான் சினந்த முகத்தோடு தோன்றி, பொய்யுரைத்தமையைக் கடிந்து, தாம் அழைக்குமளவும் பழனிக்கு வருதல் கூடாதென விலக்கியருளினார். சுவாமிகள் நடுங்கிப் பிழை பொறுக்க வேண்டினார். அதன்பின் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தும், காசி வரையில் யாத்திரை செய்தும், பழனி மலையை மட்டும் மிதித்திலர், அழைப்பு வந்திலது. தம் நூல்களிலே பழனியைப் பாடும்பொழுதெல்லாம் அவ்வேக்கம் அவர் உள்ளத்தில் இருந்திருக்கும் அன்றோ? உலகத்தார் நாளொன்றுக்குப் பன்முறை கூறும் சிறு பொய் போன்ற ஒன்றே அது. அதற்காக வாழ்நாள் முழுதும் ஒரு தண்டத்தைச் சுமந்தவர், பிற்காலத்தில் தாம் கண்டதாகக் கூறிய காட்சியைப் புனைந்துரைத்தார் என எண்ணுதல் எங்ஙனம்?

1894 இல் இராமநாதபுரத்தை அடுத்த பிரப்பன்வலசையில், மயானத்தருகே குழியகழ்ந்து அதனுள் 35 நாள் தவமியற்றினார். அதனுள் நிகழ்ந்தவற்றைத் தனியே எழுதுதல் வேண்டும். அடுத்த ஆண்டிலே ஊரையும் உறவையும் நீங்கிச் சென்னை சேர்ந்தார். அங்கே அடியார் பலர் சூழ்ந்தனர். உணவில் உப்பு, புளி, காரம் ஆகியவற்றை நீத்தார். நாவின் சுவையை வெல்லும் அந்நியமம் இறுதிவரையில் நின்றது. இந்நியமத்தை நம் ஆசிரியர்கள் நினைவிற் கொள்க. சிறிது நேரத்தில் இது மீண்டும் வரும்.

1923 ஆம் ஆண்டு டிசம்பர் 27 ஆம் நாள். சுவாமிகள் எழுபது வயதைக் கடந்தவர். சென்னைத் தம்புச் செட்டித் தெருவில் நடந்து செல்லும்பொழுது, விரைந்து வந்த குதிரை வண்டி ஒன்று அவர்மீது மோதியது. சக்கரம் இடக்காலின்மேல் ஏறிச் சென்றது, எலும்பு முறிந்தது. அன்பர்கள் அவரை எடுத்துச் சென்று பொது மருத்துவமனையிற் சேர்த்தனர். 1664 இற் கோட்டைக்குள் சிப்பாய்களின் பொருட்டுத் தொடங்கி, 1772 இல் இப்பொழுதுள்ள இடத்துக்கு வந்த பெரிய மருத்துவமனை அது. மருத்துவக் கல்வியும் 1835 முதல் அங்கே நிகழ்ந்தது. தென்னாட்டில் அக்காலத்து அதனினும் சிறந்த மருத்துவம் கிடைத்தற்கில்லை.

எலும்பு கூடுதல் எவ்வாறு என்பதைச் சிறிது அறிதல் நன்று. முறிந்த முனைகளைச் சூழக் குருதி உறைகின்றது. சில நாட்களில் அவ்வுறைவினுள்ளே மெல்லிய இணைப்பிழையம் தோன்றி, இரு முனைகளையும் பாலம்போலத் தொடுக்கின்றது. பின்னர் அதிலே சுண்ணச்சத்துப் படிந்து வன்மையுறுகின்றது. இளையார்க்குச் சில கிழமைகளில் நிகழ்வது முதியார்க்குப் பல மாதம் ஆகும். சிலர்க்குக் கூடாதே போதலும் உண்டு. மருத்துவர் செய்வது முனைகளை நேர்ப்படுத்தி, அசையாதவாறு கட்டி, புண் அழுகாமற் காத்தல். பொருத்தும் வேலையைச் செய்வது உடலினுள்ளே அமைந்த ஆற்றல். அவ்வாற்றலை அங்கே அமைத்தவன் யாவன் என்பதைச் சைவர்க்கு யாம் சொல்லவேண்டியதில்லை.

அக்காலத்து அழுகலைத் தடுக்கும் மருந்துகள் மிகச் சிலவே. பெனிசிலின் கண்டறியப்பட்டது 1928 இல்; நோயாளரை அது அடைந்தது 1940 ஆம் ஆண்டுகளிலேதான். ஆகலின் முதியவர் ஒருவரின் கால் வண்டிச்சக்கரத்தில் நசுங்கியதாயின், உயிரைக் காத்தற்குக் காலை வெட்டி நீக்குதல் மருத்துவர் மனத்தில் முதலில் எழும் எண்ணமாகவே இருந்தது. சுவாமிகளின் நிலையிலும் மருத்துவர் நம்பிக்கை கொண்டிலர். வயது மிகுந்தது ஒன்று. உப்பில்லாத உணவு உண்பவராதலின் எலும்பு கூடாது என்பது மற்றொன்று. எலும்பிற்கு வேண்டியது உப்பன்று, சுண்ணச்சத்தும் புரதமும் வெயிலால் விளையும் ஊட்டமுமே என இன்று அறிகின்றோம். எனினும் பல்லாண்டு உணவைச் சுருக்கி மெலிந்த முதிய உடம்பைக் கண்ட மருத்துவர் ஐயுற்றமையைக் குறைகூறுதற்கில்லை. சுவாமிகளைத் தெய்வமாகக் கண்ட அன்பர் சிலர் இச்சரித்திரத்தைச் சொல்லும்பொழுது மருத்துவரை இகழ்ந்து பேசுதலைக் கேட்டிருக்கின்றோம். அது முறையன்று. காலைக் கட்டியதும், புண்ணைத் துடைத்ததும், இரவிலே விழித்திருந்ததும் அம்மருத்துவமனையாரே. சுவாமிகளும் மருத்துவத்தை வெறுத்து எழுந்துபோக எண்ணினாரல்லர். வைத்த படுக்கையிலே கிடந்தார்.

இத்துணைத் தவமுடையார்க்கு இத்துன்பம் ஏன் வந்தது? பிள்ளைகள் வினவுவர், பெரியோரும் மனத்துள் வினவுவர். நம் சித்தாந்தம் இதற்கு மழுப்பாமல் விடை தருகின்றது. எடுத்த உடம்பிற்கென வகுக்கப்பட்ட பிராரத்த வினை, ஞானியர்க்கும் உடம்புள்ளவரையில் உடலூழாய் வந்து கழியும். வேறுபாடு யாதெனின், ஏனையோர்க்கு அது மேலும் வினைக்கு வித்தாகின்றது; ஞானியர்க்கு அது அங்ஙனம் ஏறுவதில்லை. தவம் செய்தவன் வண்டியில் அடிபடான் என்று எந்தச் சாத்திரமும் உறுதி கூறவில்லை. சூலைநோய் திருநாவுக்கரசு நாயனாரை விட்டதா? சுந்தரமூர்த்தி நாயனார் இருகண்ணும் இழந்து வழி தடவி நடக்கவில்லையா? ஆதலாற் பிணி வந்தாரைக் கண்டவுடன் அவர் பாவத்தை ஆராயப் புகுவார் சைவநூல் கல்லாதாரே.

இனி, படுக்கையருகே நிகழ்ந்தது. சுவாமிகளின் அடியாருட் சின்னசாமி சோதிடர் என்பவர் தலைசிறந்தவர். அவர் தம் ஆசிரியர்க்கு நேர்ந்ததை அறிந்து கலங்கிச் சண்முக கவசத்தை இடையறாது பாராயணம் செய்யத் தொடங்கினார். அவ்வாறு ஓதிவருங்கால், முருகன் திருக்கை வேல் இரண்டு முறிந்த எலும்பின் முனைகளைத் தாங்கிப் பொருத்துவதாக அவர் அகக்கண்ணிற் கண்டார் என்பது வரலாறு.

இதனுள் ஒரு நுட்பமுண்டு. யாம் எண்ணுந்தோறும் வியப்பது. கவசத்தைப் பாடியவர் சுவாமிகள். முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் பாடினார். அதனைக்கொண்டு பிறர் எத்துணையோ பேர் பிணி தீர்ந்து வணங்கினர். இப்பொழுது பாடியவரே படுக்கையிற் கிடக்கின்றார். அவர் பாட்டை வேறொருவர் வாய் அவர்க்காக ஓதுகின்றது. கடுநோயில் வீழ்ந்தவர்க்கு வலியும் மயக்கமும் மேலிட்டு ஒரு பாடலையேனும் முற்ற நினைக்க இயலாமற்போதல் இயற்கை. வழிபாட்டிலே ஊறியவர்க்கும் இது நேரும். நேர்ந்தபின் அவர், நம் பக்தி இவ்வளவுதானோ என்று தம்மையே நொந்துகொள்வதும் உண்டு. அந்நொடியில் அவர்க்கு வேண்டுவது அறிவுரையன்று. அவர்பொருட்டு ஓதும் ஒரு வாய். நாவுக்கரசர் சூலையால் துடித்தபொழுது திருநீறு தந்து திருவதிகைத் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றவர் தமக்கையார் திலகவதியார் அல்லரோ? அவர் வேண்டுதல் முன்னரே இறைவன் திருமுன் சென்று நின்றது. சுவாமிகள்பாற் சோதிடர் செய்ததும் அதுவே.

படுக்கையிற் சேர்ந்த பதினோராம் நாள், 1924 ஆம் ஆண்டு சனவரி 6 ஆம் நாள், மார்கழித் திங்கள் வளர்பிறைப் பிரதமை இரவு. சுவாமிகள் படுத்தவாறே வானை நோக்கினார். இரண்டு மயில்கள் தோகையை விரித்து வானத்தே ஆடி வரும் காட்சி தோன்றியது. நெடுநேரம் அதனைக் கண்டு களித்தார். காட்சி மறைந்தது, அது மறைந்தமைக்கே மனமுருகி அழுதார். கால்வலிக்கு அழுதார் என்று எவரும் எழுதவில்லை என்பதை ஈண்டுக் குறித்தல் தகும். பின்னர் ஒருநாள், செந்நிறக் குழவியொன்று தம் படுக்கையிலே தம்மருகிற் கிடக்கக் கண்டு, முருகா என்ற அளவில் அது மறைந்தது எனவும் கூறுவர். பிள்ளை நோயுற்றபோது தாய் அருகே படுத்துக்கொள்ளுதல் உலகியல். ஈண்டு, நோயுற்ற கிழவனாரின் அருகே தெய்வமே பிள்ளையாய்ப் படுத்துக்கொண்டது.

அதன்பின் எலும்பு கூடத் தொடங்கியது. மருத்துவர் சோதித்து, வெட்டவேண்டும் என எண்ணிய கால் பொருந்தி வருதலைக் கண்டு வியந்தனர் என்று சரித்திரம் உரைக்கின்றது. சுவாமிகள் நலம்பெற்று மருத்துவமனையினின்றும் மீண்டார்.

இந்நிகழ்ச்சியை இரு திறத்தார் இரு வகையாற் குலைக்கின்றனர். ஒரு திறத்தார், காய்ச்சலிலும் மருந்து மயக்கத்திலும் தோன்றிய உருவெளித் தோற்றமே மயில் என்பர். அவர்க்கு யாம் கூறுவது முன்னரே கூறினோம்: ஒரு பொய்க்காகப் பழனியை இழந்தவர் சொல் இது. தோற்றம் எவ்வழி வந்தது என ஆராய்வார் ஆராய்க. வலியிலும் அச்சத்திலும் கிடந்த ஒருவர் உள்ளத்தை அது அன்பாலும் உவகையாலும் நிறைத்தது என்பதை மறுத்தற்கில்லை. மற்றொரு திறத்தார், நம்பிக்கை இருந்தால் எக்காலும் கூடும், கூடாதது நம்பிக்கைக் குறையினாலே எனப் பேசுவர். இவரையே யாம் பெரிதும் அஞ்சுகின்றோம். முன்னையோர் கூற்று ஒரு வாதமேயாம். பின்னையோர் கூற்று நோயாளியின் நெஞ்சிற் பாயும் கத்தியாம்.

தோட்டத்திலே கால் இழந்து கோலூன்றி நடப்பார் உளர். அவர்களும் கவசம் ஓதினார்கள். அவர்கள் மனைவியரும் நேர்த்தி வைத்து கதிர்காமம் சென்றார்கள். அவர்கள் பிள்ளைகள் நம் வகுப்பிலே அமர்ந்திருக்கின்றனர். சுவாமிகள் சரித்திரத்தைச் சொல்லும் ஆசிரியர் அப்பிள்ளையின் முகத்தை நோக்கிச் சொல்லவேண்டும். அதற்கு யாம் துணையாகக் காட்டுவது சுந்தரமூர்த்தி நாயனார் சரித்திரமே. கண்ணிழந்த நாயனார் திருவெண்பாக்கத்தில் வேண்டியபோது பெற்றது கண்ணன்று, ஊன்றுகோல். காஞ்சியிற் பெற்றது ஒரு கண். மற்றைக் கண் திருவாரூரை அடைந்த பின்னரே வந்தது. கோல் தந்தவனும் அவனே. கண் தந்தவனும் அவனே. திருவெண்பாக்கத்திலே நாயனார் மனம் நொந்து பாடினார்; அந்நோவையும் சேக்கிழார் பெருமான் மறையாது பாடிவைத்தார். பிணியாளர் இறைவனோடு முரணிப் பேசுதலும் நம் மரபுக்குப் புறம்பன்று. ஊன்றுகோலோடு நிறுத்தப்பட்டவர் அருளினின்றும் நீக்கப்பட்டவரல்லர், வழியில் இருப்பவர்.

சுவாமிகள் நன்றி செலுத்திய முறை இனிக் கூறத்தக்கது. நோய் நீங்கிய பலர் முதற் கிழமையிலே கோயிலுக்கு ஓடுவர். ஆறு மாதத்தில் மறந்துவிடுவர். யாவர்க்கும் உள்ள இயல்பு இது. படுக்கையிற் கிடக்கும்பொழுது ஒரு மிடறு வெந்நீரும் பெரும்பேறாகத் தோன்றுகின்றது. எழுந்து நடந்தபின் அதே வெந்நீர் ஆறிவிட்டது எனக் கடிந்துகொள்கின்றோம். சுவாமிகள் இதனை அறிந்தவர் போலும். தம் உள்ளத்து நினைவை மட்டும் நம்பாது, ஆண்டுதோறும் மார்கழி வளர்பிறைப் பிரதமையில் மயூர வாகன சேவனம் என்னும் விழாவை எடுக்குமாறு தம் அடியார்க்குக் கட்டளையிட்டார். எலும்பு கூடிய நாளை விழாவாக வைத்திலர். மருத்துவமனையை விட்டு வெளிவந்த நாளையும் வைத்திலர். கால் இன்னும் முறிந்தே கிடந்த இரவை, மயிலைக் கண்ட இரவை வைத்தார். நன்றியானது நலம் முற்றியபின் எழுதவேண்டிய கணக்கன்று, நடுத்துன்பத்திலே தொடங்குவது என அவர் கருதினார் போலும் என்று யாம் உய்த்துணர்கின்றோம்.

இவ்விழா இன்றும் திருவான்மியூரில் நடைபெற்று வருகின்றது. நம் நாட்டிலே திருவெம்பாவைப் பூசை தொடங்குவதற்குச் சில நாள் முன்னர் இத்திதி வரும். கொட்டகலையில் மார்கழி விடியலின் குளிரும் மூடுபனியும் எத்தகையன என்பதை இங்குள்ளார்க்கு எடுத்துச் சொல்லவேண்டுவதில்லை. பழைய முறிவுகள் அக்குளிரிலேதான் மீண்டும் நோவெடுக்கும். அந்நாளில் கோயிலிலே பிள்ளைகளைக் கூட்டிச் சண்முக கவசம் 30 பாடல்களையும் ஓதுவித்தல் ஆசிரியர்க்கு அரிய காரியமன்று. ஒரு பிள்ளைக்கு ஓரெழுத்து என வகுத்துக்கொடுப்பின் முப்பது பிள்ளைகளும் பங்குபெறுவர். ஓதுமுன், தோட்டத்தில் யார் யார் வைத்தியசாலையில் இருக்கின்றனர் எனப் பிள்ளைகளைக் கேட்டு அறிந்து, அவர் பெயர்களைச் சொல்லித் தொடங்குக. ஓதியபின் ஒரு பிடி பொங்கலும் திருநீறும் அவ்வீடுகளுக்குச் செல்லுமாயின் மிக நன்று. வைத்தியசாலையிலிருந்து மீண்டவர் அவ்விடத்திலே இருப்பாராயின், அவரைக் காத்த தாதியரையும் மருத்துவரையும் நினைந்து ஒரு சொல் சொல்லச் செய்தலும் தகும்.

மீண்ட கால்களோடு சுவாமிகள் ஐந்து ஆண்டுக்கு மேல் வாழ்ந்தார். அடியார்க்கு உபதேசித்தார், உப்பில்லா உணவை விட்டிலர், பழனிக்கு அழைப்பு வருமென எதிர்நோக்கியே இருந்தார். தமக்குரிய இடத்தைத் திருவான்மியூரிலே முன்னரே அடியாரைக்கொண்டு தேடிவைத்தார். 1929 ஆம் ஆண்டு மே மாதம் 30 ஆம் நாள் சென்னையிலே பரிபூரணம் எய்தினார். மறுநாள் அவரது திருமேனி திருவான்மியூருக்கு எழுந்தருளச் செய்யப்பெற்றுச் சமாதியில் வைக்கப்பட்டது.